பீஸ் கோரில் சேரலாமா? கேள்வி பதில்

அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தன்னார்வத் தொண்டுத் திட்டம் பீஸ் கோர். 1961 மார்ச் 1 அன்று அதிபர் கென்னடி கையெழுத்திட்ட ஆணையால் தொடங்கப்பட்டது. வழக்கமான பணிக்காலம் 27 மாதம்: முதல் மூன்று மாதம் போலப் பயிற்சி, பிறகு 24 மாதம் பணி. சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறேன். நேபாளம் போக ஆசை. நாட்டைப் பார்த்து விண்ணப்பிக்கணுமா, வேலையைப் பார்த்தா?

பதில்: வேலையைப் பார் தங்கச்சி. விவசாயம், கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல், இளைஞர் மேம்பாடு, சமூகப் பொருளாதார மேம்பாடு என்று ஆறு துறைகள் இருக்கின்றன. அவற்றில் கல்விக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போனால் வகுப்பு, கால அட்டவணை, தேர்வு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்ற குழப்பம் வராது. சுகாதாரத்திலோ விவசாயத்திலோ யாரும் உனக்கு வேலை பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். முதல் சில மாதங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுவதிலும், ஊருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுவதிலுமே போய்விடும். சொன்னதைச் செய்து முடித்துப் பாராட்டு வாங்கிப் பழகியவர்கள் அங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். நீ எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்.

ஒவ்வொரு பணியிடத்துக்கும் தனி அறிவிப்பு வரும். எந்தப் பட்டம் அல்லது அனுபவம் வேண்டும், எந்த மொழி வேண்டும், தங்குமிடம் எப்படி, தம்பதியர் போகலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரெஞ்சு புழங்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பிரெஞ்சும், லத்தீன் அமெரிக்காவுக்கு ஸ்பானிஷும் ஓரளவு கேட்பார்கள். எங்கே தேவையோ அங்கே அனுப்புங்கள் என்று குறிப்பிடும் வசதியும் உண்டு. எந்த ஊர் என்பது மட்டும் உன் கையில் இல்லை. பயிற்சிக் காலத்தில் அங்குள்ள ஊழியர்கள்தான் அதைத் தீர்மானிப்பார்கள். இதை மனதார ஏற்க முடியாது என்றால் இப்போதே நின்றுகொள்வது நல்லது.

கேள்வி: எனக்கு கிரீன் கார்டுதான் இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் என் மச்சான் கனடா குடிமகன். இருவரும் விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: இருவராலும் முடியாது. அமெரிக்கக் குடியுரிமையும் 18 வயதும் கட்டாயம். நீங்கள் அமெரிக்காவுக்குள்ளேயே தொண்டு செய்ய அமெரிகோர் திட்டத்தைப் பாருங்கள், கிரீன் கார்டு உள்ளவர்களை அங்கே ஏற்கிறார்கள். வெளிநாடுதான் வேண்டுமென்றால் ஐநா தன்னார்வலர் திட்டம் எல்லா நாட்டவருக்கும் திறந்தது. உங்கள் மச்சானுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: என் மகள் போகணும்னு ஒற்றைக்காலில் நிற்கிறாள். தனியாக ஒரு கிராமத்தில் இரண்டு வருஷம்... ஒரு தாயாக என்ன கேட்டுத் தெரிந்துகொள்ளணும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். பெனினில் பணியாற்றிய கேட் பியூஸி என்ற தன்னார்வலர் 2009இல் கொல்லப்பட்டார். அதன் பிறகு 2011இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. தன்னார்வலர் புகார் கொடுத்தால் அதன் ரகசியம் காக்கப்பட வேண்டும், பாலியல் வன்முறையைத் தடுக்கவும் எதிர்கொள்ளவும் பயிற்சி தர வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கத் தனி அலுவலகம் வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சட்டப்படிக் கட்டாயம். போலீஸ் விசாரணைக்குப் போகாமல் சிகிச்சையும் ஆதரவும் மட்டும் கேட்கும் வழியும் உண்டு. இதை மகள் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நேர்காணலின் கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். அப்போது மகள் கேட்க வேண்டியவை: வீட்டுக்கதவு, பூட்டு, ஜன்னலைப் பணியில் சேரும் முன் யார் சோதிக்கிறார்கள்? பக்கத்துத் தன்னார்வலர் எவ்வளவு தூரத்தில் இருப்பார்? செல்போன் சிக்னல் இல்லாவிட்டால் தகவல் சொல்ல என்ன ஏற்பாடு? மருத்துவ அலுவலர் இருக்கும் ஊருக்கு மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம்? கடைசிக் கேள்வியை மறக்கவே வேண்டாம்.

பலர் நினைத்துப் பார்க்காத ஆபத்து ஒன்று உண்டு, அது சாலை. தன்னார்வலர்கள் பொதுவாக வண்டி ஓட்டக் கூடாது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்வதற்குச் சில நாடுகளில் அனுமதி உண்டு, சிலவற்றில் இல்லை. அனுமதி உள்ள இடத்திலும் ஹெல்மெட் இல்லாமல் ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கண்டிப்பு உங்கள் மகளுக்காகத்தான்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. போன வருஷம் மனச்சோர்வுக்கு மாத்திரையும் சாப்பிட்டேன். மறைத்துவிடலாம் என்கிறான் நண்பன்.

பதில்: மறைக்காதே தம்பி. பணியில் இருக்கும்போது தெரியவந்தால் அந்தக் காரணத்துக்காகவே நீக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், மூச்சிரைப்பு வரும் நேரத்தில் உன் பையில் சரியான மருந்து இருப்பதும் பக்கத்தில் மருத்துவமனை இருப்பதும் நீ உண்மை சொன்னதைப் பொறுத்ததுதான்.

விண்ணப்பத்தோடு உடல்நல வரலாற்றுப் படிவம் ஒன்று இருக்கும். உன் உடல்நிலைக்கு எந்தெந்த நாடுகளில் வசதி இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். எனவே அதை நிதானமாக நிரப்பு. பணியில் சேரச் சொல்லி வரும் அழைப்பை ஏற்ற பிறகுதான் முழுமையான மருத்துவ ஒப்புதல் வேலை தொடங்கும்: உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்றுகள், பல் எக்ஸ்ரே, தேவையானால் நிபுணர் கடிதம். பலருடைய பயணம் தடைபடுவது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் பெரும்பாலும் தாமதத்தால். ஞானப்பல்லை எடுக்கச் சொல்லி, ஆறவும் நாள் பிடித்து, ஒப்புதல் தேதி தாண்டிப் போவதுண்டு. சிறுவயதில் இந்தியாவில் போட்ட தடுப்பூசிகளுக்குச் சான்று இல்லையென்றால், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்கும் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள். செலவில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தருவார்கள், ரசீதுகளை வைத்துக்கொள்.

மனச்சோர்வைப் பொறுத்தவரை அவர்கள் பார்ப்பது நிலைத்தன்மை. அண்மையில் மருந்து மாறியதா, அளவு மாறியதா, சிகிச்சை அளிப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள். மாத்திரையை நீயாக நிறுத்திவிட்டு, இப்போது எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதினால் உன் நிலை இன்னும் பலவீனமாகத்தான் தெரியும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள். பணியிலிருக்கும்போது நோய் வந்து வேறு இடத்துக்குச் சிகிச்சைக்கு அனுப்பினால், 45 நாளுக்குள் பணிக்குத் திரும்பும் அளவு தேற வேண்டும். இல்லையென்றால் மருத்துவக் காரணத்தால் பணியை முடித்துவிடுவார்கள்.

கேள்வி: கல்விக்கடன் இருக்கிறது. சம்பளமே இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: உள்ளூர்வாசிகளைப் போல எளிமையாக வாழும் அளவுக்கு மாதப்படி உள்ளூர்ப் பணத்தில் வரும். அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஊர் திரும்பி வாழ்க்கையை மீண்டும் தொடங்குவதற்கென்று தருவது மறுவாழ்வுத் தொகை. முழுப் பணிக்காலம் முடித்தால் அது 10,000 டாலருக்கு மேல். அது மாதாமாதம் உங்கள் கணக்கில் சேரும். அதற்கு வரி உண்டு, கையில் வந்த ஆண்டுக்கு அல்ல, கணக்கில் சேர்ந்த ஆண்டுக்கு.

கடன் மத்திய அரசுடையதா, தனியாருடையதா என்று பிரித்துப் பாருங்கள். அரசுக் கடன் என்றால் வருமானத்தை ஒட்டிய தவணைத் திட்டத்தில் சேர வழியுண்டு. பொதுச்சேவையில் இருப்பவர்களுக்கான கடன் தள்ளுபடிக்கு 120 மாதத் தவணை கணக்கில் இருக்க வேண்டும், பீஸ் கோர் பணி அதற்குத் தகுதியான வேலை. திட்டங்களின் விதிகள் மாறுவதால் கிளம்பும் மாதத்தில் நடப்பு விதியைக் கடன் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தவறுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. இணையம் சரியாக வராத ஊரிலிருந்து அதைச் செய்ய முடியாது, நம்பிக்கையான ஒருவருக்குச் சட்டப்படி அதிகாரம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தனியார் கடனுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது. தவணையை நிறுத்திவைக்க அவர்கள் மறுத்தால் சுமை உடன் கையெழுத்திட்ட அப்பாவின் தலையில் விழும். அப்படியானால் அடைத்துவிட்டுப் போவது நல்லது.

கேள்வி: சுத்த சைவம். கஷ்டப்படுவேனா?

பதில்: பயிற்சிக் காலத்தில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கும்போதுதான் கஷ்டம். தனியாகச் சமைக்கத் தொடங்கினால் சமாளிக்கலாம். குடும்பம் ஒதுக்குவதற்கு முன் நிரப்பும் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள்: முட்டை சரியா, மீன் குழம்பிலிருந்து துண்டை எடுத்துவிட்டால் சாப்பிடுவீர்களா என்பது வரை. உள்ளூர் மொழியில் முதலில் கற்க வேண்டிய நான்கைந்து வாக்கியங்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: பார்க்க நான் இந்தியன்தானே. அமெரிக்கன் என்றால் நம்புவார்களா?

பதில்: நிறைய இடங்களில் உடனே நம்ப மாட்டார்கள். வெள்ளைக்காரரை எதிர்பார்த்த ஊரில் முகம் சற்று வாடுவதும், உண்மையில் எந்த ஊர் என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் நடக்கும். ஃபிஜி, கயானா போல இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் நாடுகளில் வேறு விதம். உங்களை உள்ளூர்க்காரராக நினைத்து, இந்திய வம்சாவளியினர், மற்றவர்கள் என்ற இரண்டு பக்கங்களில் ஒன்றில் உட்காரவைத்துவிடுவார்கள். தாத்தா பாட்டி எங்கிருந்து வந்தார்கள், நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று அமைதியாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இதையே தினமும் விளக்குவது களைப்புதான். கூடப் பயிற்சி பெறும் சக தன்னார்வலர்களுக்குப் பல சமயம் இது புரியாது. ஆசிய வம்சாவளித் தன்னார்வலர்களின் குழு அந்த நாட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது, ஓய்வுபெற்ற பொறியாளர். வயசாகிவிட்டதா?

பதில்: வயதுக்கு மேல் வரம்பே இல்லை ஐயா. ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் 1966இல், 68 வயதில், பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் இதே பணிக்கு வந்தவர். மருத்துவ ஒப்புதலுக்கு மட்டும் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். 27 மாதம் நீளம் என்று தோன்றினால், அனுபவசாலிகளுக்கான பீஸ் கோர் ரெஸ்பான்ஸ் என்ற தனித் திட்டம் பெரும்பாலும் 3 முதல் 12 மாதம் வரைதான்.

கேள்வி: திரும்பி வந்ததும் அரசு வேலை உறுதியா?

பதில்: உறுதி இல்லை. பணியை முடித்தவர்களுக்கு ஓராண்டுக்குப் போட்டி நடைமுறையின்றி மத்திய அரசு வேலையில் சேரும் தகுதி கிடைக்கும். தகுதிதான் அது, எடுப்பதும் எடுக்காததும் துறையின் விருப்பம். மேற்படிப்புக்கு கவர்டெல் ஃபெலோஷிப் உண்டு, அதற்குக் காலக்கெடு இல்லை. சிஐஏ வேலைமீது கண் இருந்தால் ஒன்று: பணி முடித்து ஐந்து ஆண்டுக்கு அங்கே சேர முடியாது.

கேள்வி: பிடிக்காவிட்டால் பாதியில் வரலாமா? இப்போதுள்ள வேலையை எப்போது விடுவது?

பதில்: எந்த நாளிலும் வரலாம். அபராதம் கிடையாது, விமான டிக்கெட்டும் அவர்களுடையது. அதுவரை சேர்ந்த மறுவாழ்வுத் தொகையும் கிடைக்கும். நீங்களாக விட்டு வந்தால் அந்த அரசு வேலைத் தகுதி பொதுவாகக் கிடைக்காது. உங்கள் கையில் இல்லாத காரணத்தாலும் பணி முடியலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 பேரை ஒரேயடியாகத் திருப்பி அழைத்தார்கள். கார், வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனவர்கள் அன்று மிகவும் தவித்தார்கள். திரும்பிவந்தால் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும் அளவு பணத்தை வங்கியில் தொடாமல் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேலையை விடுவது பற்றி: அழைப்புக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் ராஜினாமா எழுதிவிடாதீர்கள். மருத்துவ ஒப்புதலும், கைரேகை சரிபார்ப்பு உள்ளிட்ட சட்ட ஒப்புதலும் எழுத்தில் வந்த பிறகே நோட்டீஸ் கொடுங்கள். வீட்டை காலி செய்வதும் அதற்குப் பிறகுதான்.