மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்துவிடுகிறாள்: ஸ்டார்ட்டை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: மண்டபத்துக்கும் புதுமடத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்கள் ஊர். நான் கடலுக்குப் போகிறவன். தங்கச்சி எட்டாம் வகுப்பு படிக்கிறாள், வயது 13. குறுவட்டப் போட்டியில் நூறு மீட்டர் ஓடி நான்காவதாக வந்தாள். முதல் முப்பது மீட்டரில் அவள்தான் கடைசி. அப்புறம் ஒவ்வொருவராகத் தாண்டி வருகிறாள். ஸ்டார்ட் சரியில்லை என்கிறார் பி.டி. சார். டயரைக் கட்டி மணலில் இழுக்க விடு என்கிறார்கள் சிலர், கால் ஊன்றிக் கிளம்புகிற ஸ்டார்ட்டிங் பிளாக் வாங்கு என்கிறார்கள் சிலர். பக்கத்தில் டிராக் கிடையாது. பள்ளி மைதானமும் கடற்கரையும்தான். என்ன செய்யலாம்? அவள் ஓடிய வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, வீடியோவை நாலைந்து தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கிளாப்பர் தட்டியதும் தங்கச்சி தாமதிக்கவில்லை. பக்கத்து லேன் பெண்களோடு சேர்ந்துதான் கை தரையை விட்டு எழுகிறது. முதல் காலடி உடம்புக்கு முன்னால் போய்ப் பொத்தென்று விழுகிறது. இரண்டாவது அடியில் இடுப்பு நிமிர்கிறது. மூன்றாவது அடியில் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி நேராக நிற்கிறாள், முகவாய் மேலே, கண் இடது பக்க லேனில். அங்கிருந்து முப்பது மீட்டர் வரை டக் டக்கென்று சின்னச் சின்ன அடி. பார்க்கச் சுறுசுறுப்பாகத்தான் தெரிகிறது, ஆனால் முன்னால் போவது குறைவு.

ஆக, அவள் கிளம்புவதில் குறை இல்லை. கிளம்பிய பிறகு தரையைத் தள்ளுவதில்தான் இருக்கிறது.

பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினாரே, அந்த இறுதிப் போட்டியில் துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் அசைய எடுத்துக்கொண்டது 0.146 விநாடி. டைசன் கே 0.144, அசாபா பவல் 0.134. போல்ட்டைவிடச் சீக்கிரம் அசைந்த இந்த இருவரும் இரண்டாவது, மூன்றாவதாகத்தான் வந்தார்கள். சத்தம் கேட்டுத் துள்ளுவதில் கிடைக்கிற லாபம் விநாடியில் நூறில் ஒன்று, இரண்டு. முதல் முப்பது மீட்டரைச் சரியாகத் தள்ளினால் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. அவசரப்பட்டால் நட்டம் வேறு: அதே போல்ட் 2011இல் டேகு உலகப் போட்டியின் நூறு மீட்டர் இறுதியில் முன்கூட்டியே கிளம்பி, ஓடாமலே வெளியேறினார். அதனால் தங்கச்சியிடம் ‘காதைத் தீட்டிக்கொள்’ என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். முதல் கைவீச்சை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் போதும்.

தள்ளுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையில் கிடக்கிற வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளும்போது எப்படி நிற்கிறீர்கள்? யாராவது நிமிர்ந்து நின்று தள்ளுவார்களா? தலையிலிருந்து பின்னங்குதிகால் வரை உடம்பு ஒரே கம்பாகச் சாய்ந்திருக்கும். இடுப்பு மடியாது. முன்பாதம் மணலில் புதைந்து பின்னால் உதைக்கும். இடுப்பை மடித்துக்கொண்டு தலையை மட்டும் குனிந்தால் வள்ளம் அசையாது, முதுகுதான் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தின் முதல் ஏழெட்டு அடியும் இதேதான். வள்ளத்துக்குப் பதில் அவள் உடம்பை அவளே தள்ளுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘குனிந்து ஓடு’ என்று மைதானத்தில் கத்துவது பாதிக்கு மேல் கெடுதல் என்பேன். பிள்ளைகள் இடுப்பை ஒடித்துக் குனிவார்கள், கால் பின்னால் நீளாது. ‘சாய்ந்து தள்ளு’ என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கால் தரையில் இருக்கிற நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். முதல் இரண்டு அடிகளில் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் தள்ள முடியும். தங்கச்சி அதைப் பயன்படுத்தாமல் அவசரமாகக் காலை மாற்றிக்கொண்டே இருக்கிறாள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். கரையேற்றி வைத்த வள்ளத்தின் பக்கப்பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைச் சாய்த்து நிற்கச் சொல்லுங்கள். ஒரு முழங்கால் இடுப்பு உயரத்துக்கு வரட்டும், கணுக்கால் மடங்கி நுனிக்கால் மேலே தூக்கியிருக்கட்டும். இன்னொரு கால் பின்னால் விறைப்பாக. நீங்கள் கை தட்டினால் கால் மாற வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு மாற்றம், அப்புறம் மூன்று. இடுப்பு மேலும் கீழும் குதிக்கக் கூடாது. நகரத்துப் பிள்ளைகள் சுவரில் கை வைத்துச் செய்வதுதான் இது. வள்ளத்தில் செய்தால் தங்கச்சிக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

அடுத்து விழுந்து ஓடுவது. இரண்டு காலையும் சேர்த்து நின்று, உடம்பை மடிக்காமல் முன்னால் சாய வேண்டும். இனி விழுந்துவிடுவோம் என்கிற கணத்தில் ஓட ஆரம்பித்து, பத்துப் பதினைந்து மீட்டர். இது பிடிபட்டதும் ஒரு முழங்காலை ஊன்றிய நிலையிலிருந்து கிளம்புவது, அதன்பின் ஒரு கையை மட்டும் ஊன்றிக் கிளம்புவது. கடைசியில்தான் இரண்டு கையும் ஊன்றிய முழு ஸ்டார்ட். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள். முந்தையது சரியாக வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

டிராக் இல்லை, கடற்கரைதான் இருக்கிறது என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பெரிய வசதி என்பேன். நம் பக்கம் கடல் ரொம்ப ஏறி இறங்காது, அதனால் ஈரமணல் அகலமாகக் கிடைக்காது. ஆனால் தண்ணீரை ஒட்டி இறுகிய மணல் ஒரு பட்டையாகவாவது இருக்கும். அதில் தங்கச்சியை ஒரு தடவை இருபது மீட்டர் ஓடச் சொல்லிவிட்டு, நீங்கள் போய்க் காலடித் தடத்தைப் பாருங்கள். விலை உயர்ந்த கேமரா காட்டாததையும் அது காட்டும். முதல் தடங்களில் முன்பாதக் குழி மட்டும் இருக்க வேண்டும். குதிகால் பதிந்திருந்தால் கால் உடம்புக்கு முன்னால் போய் விழுகிறது என்று அர்த்தம். குழியின் பின்விளிம்பில் மணல் குவிந்து, கொஞ்சம் பின்னால் சிதறியும் இருந்தால் நன்றாகத் தள்ளியிருக்கிறாள். குழி நேராகக் கீழே மட்டும் இறங்கியிருந்தால் குதித்திருக்கிறாள். தடங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போக வேண்டும், அரைச் சாண் கூடினால் நல்லது. முதல் இரண்டு இடைவெளி நீளமாகவும் மூன்றாவது குறுகியும் இருந்தால் அங்கேதான் நிமிர்ந்திருக்கிறாள். வீடியோவில் நான் பார்த்ததும் அதைத்தான்.

கடற்கரை தண்ணீர்ப் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் மிதிக்கும். கணுக்காலும் இடுப்பும் வலிக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

காய்ந்த பொதிமணலில் மட்டும் ஸ்டார்ட் பழக வேண்டாம். கால் தள்ளுகிற விசையை மணல் விழுங்கிவிடும். கால் தரையில் தங்குகிற நேரம் நீண்டாலும் அது தள்ளுவதில் போகாது, புதைவதில் போய்விடும். டயர் கதையும் அதுதான். பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிதில் நானே ஒரு சீசன் முழுக்கப் பிள்ளைகளை டயர் கட்டிப் பொதிமணலில் இழுக்கவிட்டேன். தொடை பெருத்தது, கெண்டைக்கால் வலி வந்தது, ஸ்டார்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. 13 வயதுக்கு லாரி டயர் வேண்டவே வேண்டாம். கால் பலத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் கண்மாய்க் கரைக்கு ஏறுகிற வண்டிப்பாதை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மேட்டில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஓடினால் உடம்பு தானாகவே சாயும். சீமைக்கருவேல முள்ளை மட்டும் முதலில் பெருக்கித் தள்ளிவிடுங்கள்.

ஊன்றி நிற்கிற முறையைப் பள்ளி மைதானத்தில் பழக்கலாம். எந்தக் கால் முன்னே என்பதற்கு ஓர் எளிய வழி: இரண்டு காலையும் சேர்த்து நிற்கவைத்து, சொல்லாமல் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். எந்தக் கால் முதலில் முன்னே எட்டி வைக்கிறதோ அது ஸ்டார்ட்டில் பின்கால். கோட்டிலிருந்து அவள் பாத அளவில் இரண்டு பாதம் தள்ளி முன்கால், மூன்று பாதம் தள்ளிப் பின்கால். வசதியாக இல்லையென்றால் இரண்டையும் அரைப் பாதம் பின்னுக்கு நகர்த்தலாம். பலம் இன்னும் வராத பிள்ளைகளுக்கு நெருக்கிக் குறுகி உட்காருவது சிரமம். கை தோளைவிடக் கொஞ்சம் அகலமாக, கோட்டுக்குப் பின்னால், விரல்கள் வளைந்து நிற்க வேண்டும். கிளம்பும் சத்தத்துக்கு முன் ‘செட்’ என்றதும் இடுப்பு தோளைவிடச் சற்று மேலே போகும். முன்முழங்கால் ஏறக்குறைய செங்கோணம், பின்முழங்கால் அதைவிட விரிந்திருக்கும். தலையைத் தூக்கி எதிர்க்கோட்டைப் பார்க்கக் கூடாது. பிடரி முதுகோடு ஒரே நேராக இருக்கட்டும். இரண்டு குதிகாலும் ஏதோ ஒரு சுவரை அழுத்துகிற மாதிரி உணர வேண்டும். சத்தம் கேட்டதும் ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், பெரிதாக வீச வேண்டும். கை பெரிதாகப் போனால் காலும் நீளும்.

பிளாக் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நூறு மீட்டரை வென்றது பிளாக்கில் அல்ல, கொத்துக்கரண்டியால் தானே தோண்டிய குழியில் கால் வைத்து. ஒலிம்பிக்கில் பிளாக் வந்ததே 1948 லண்டனில்தான். உங்கள் மைதானத்தில் குழி தோண்டினால் பி.டி. சார் உங்களைத் தோண்டிவிடுவார், அது வேறு விஷயம். அதற்குப் பதிலாக இரண்டு தோழிகள் பின்னால் உட்கார்ந்து, ஷூ போட்ட தங்கள் பாதத்தை அவள் குதிகாலுக்கு முட்டுக் கொடுத்தால் போதும். மாவட்டப் போட்டி நெருங்கும்போது ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்துக்கு இரண்டு மூன்று தடவை கூட்டிப்போய், அங்கே பழகுகிறவர்களிடம் கேட்டு நிஜப் பிளாக்கில் பழக்கிவிடுங்கள். போட்டி அன்றைக்கு முதல் தடவையாக அதில் கால் வைக்கக் கூடாது.

மொபைலில் வருகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, முப்பது மீட்டர் வரை தரையையே பார்த்து ஓட வேண்டும், கட்டைவிரலைத் தரையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அதெல்லாம் பல வருடம் எடை தூக்கிக் கால் இறுகிய பெரியவர்கள் செய்வது. 13 வயதுப் பெண் பத்துப் பன்னிரண்டு மீட்டர் சாய்ந்து தள்ளிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தால் போதும். நம் சரளை மைதானத்தில் கட்டைவிரலை இழுத்தால் நகம்தான் பெயரும்.

எவ்வளவு செய்வது? வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து ஸ்டார்ட், அதற்கு மேல் வேண்டாம். பத்து மீட்டர் ஓடினால் ஒரு நிமிட ஓய்வு, இருபதுக்கு இரண்டு நிமிடம். பிள்ளைக்குத்தான் மூச்சு வாங்கவில்லையே, எதற்கு நிற்க வேண்டும் என்று தோன்றும். இங்கே களைப்படைவது மூச்சல்ல, நரம்பும் தசையும். பல பள்ளிகளில் முதலில் பத்து ரவுண்டு ஓடவிட்டு, கடைசியில் ஸ்டார்ட் போடச் சொல்கிறார்கள், தலைகீழ். உடம்பைச் சூடேற்றிய கையோடு ஸ்டார்ட்தான் முதலில். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழு, ஏழேகாலுக்குள் முடித்துவிடுங்கள்.

கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசுவது) அடிக்கிற மாதங்களில் ஸ்டாப்வாட்ச்சை நம்பாதீர்கள். காற்று முதுகில் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் தள்ளினாலே அந்த நேரத்தைச் சாதனைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பாம்பன் பக்கத்துக் காற்றுக்கு அதெல்லாம் சாதாரணம். எதிர்க்காற்றில் ஸ்டார்ட் பழகினால் சாய்வு நன்றாக வரும், நேரம் பார்க்காமல் பழகட்டும்.

ஈரமணலில் வெறுங்கால் பரவாயில்லை. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓட ஆரம்பித்துத்தான் டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்-பெண் கலப்புத் தொடரோட்டம் வரை போனார். ஆனால் சரளையில் ஷூ வேண்டும். குதிகாலின் பின்பக்கமோ, முழங்காலுக்குக் கீழே புடைத்திருக்கிற எலும்பிலோ தொட்டால் வலிக்கிறது என்றால், வளர்கிற வயதில் அது அடிக்கடி வருவதுதான், வலியோடு ஓடவிடாதீர்கள். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் போகாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு நாட்களில் ஓடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் கேட்கத் தயங்கினால் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, உங்கள் கைக்கு எளிது. இந்த வாரமே ஈரமணலில் அவளை ஓடவிட்டு, கோட்டிலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து, முதல் எட்டுத் தடம் இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு முடிச்சுப் போடுங்கள். கயிற்றைச் சுருட்டி வீட்டில் மாட்டிவிடுங்கள். ஆறு வாரம் கழித்து அதே இடத்தில், அதே காலைநேரத்தில் இன்னொரு கயிறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மூன்றாவது முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.