வாசகர் கேள்விகள்: பல நாட்டு விருந்தும் மலையின் இசையும்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் படகர், தாயகம் திரும்பிய தமிழர், கம்பளிக் கடை வைத்திருக்கும் திபெத்தியர் எனப் பலதரப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. புத்தாண்டையொட்டிப் பல நாட்டு உணவும் இசையும் கொண்ட விழா நடத்த விரும்புகிறோம். சமவெளியிலிருந்து ஒரு சமையல் ஒப்பந்தக்காரர் இத்தாலிய, சீன, மெக்சிகோ உணவுகளைச் செய்து தருவதாகச் சொல்கிறார். ஒப்படைத்துவிடலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம் என்பேன். உங்கள் குடியிருப்பிலேயே இரண்டு நாட்டுச் சமையல் இருக்கும்போது, சமவெளியில் வெந்து, மலையேறி வருவதற்குள் ஆறிப்போகும் நூடுல்ஸுக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்? 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் வீடுகளில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் இன்றும் அன்றாட உணவுதான். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கொஞ்சம் மாசி (சூரை மீன் கருவாடு) ஆகியவற்றை அம்மியில் நசுக்கி, அதன்மேல் துருவிய தேங்காயை வைத்து, தேங்காய் சிவந்து எண்ணெய் கசியும்வரை இழுத்து அரைத்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். மிக்சியில் அரைத்தால் அது சட்னியாகிவிடும். விழாவன்று அம்மியையே வெளியில் கொண்டுவந்து வைத்து அரைக்கச் சொல்லுங்கள், கூட்டம் தானாகச் சேரும். திபெத்தியக் குடும்பத்தினர் மோமோ மடிக்கும் இடத்தில் குழந்தைகளை உட்கார வையுங்கள். நாம் கொழுக்கட்டை பிடித்துப் பழகியவர்கள் என்பதால், கை விரைவில் படிந்துவிடும். படகர் வீட்டு அவரை உதக்க என்னும் குழம்புக்கும் கேழ்வரகுக் களிக்கும் நான் பரிந்துரை சொல்லத் தேவையில்லை. தோடர்களை அழைப்பதாக இருந்தால், அவர்களது மரபுச் சமையல் புலால் இல்லாதது என்பதை மனத்தில் கொண்டு, மாசி சேர்க்காத சம்பலைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். வாழையிலையை மேட்டுப்பாளையத்திலிருந்து முன்கூட்டியே வரவழைப்பது நல்லது. பிளாஸ்டிக் தட்டு இம்மாவட்டத்தில் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

கேள்வி: அதே விழாவுக்குக் கோத்தர் பழங்குடியினரின் இசைக் குழுவை அழைக்கலாம் என்கிறார்கள். பெரிய ஒலிபெருக்கியுடன் பாட்டுக் கச்சேரியும் ஏற்பாடாகிறது. இரண்டும் பொருந்துமா?
- அதே வாசகி

பதில்: அழைக்கலாம், ஆனால் எதை வாசிக்கும்படி கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கொள் என்னும் அவர்களது குழலில் தெய்வத்துக்கானவை, சாவுக்கானவை, ஆட்டத்துக்கானவை என இசை தனித்தனியாகப் பிரிந்திருக்கிறது. முதல் இரண்டையும் விருந்து மேடைக்குக் கேட்பது முறையல்ல. ஆட்டத்துக்கான இசையைக் கேளுங்கள், அதற்குப் படகர்களும் வட்டமாக இறங்கிவிடுவார்கள். இலங்கையிலிருந்து வந்த பெரியவர்கள் இருப்பதால் பைலாவுக்கும் இடம் கொடுங்கள். போர்த்துகீசியர் வழியாக அத்தீவில் வேர்விட்ட அந்தத் துள்ளல் தாளத்தைக் கேட்டால், முழங்கால் வலிக்காரர்கள்கூடச் சும்மா இருக்க மாட்டார்கள். இவற்றுக்கு நடுவே ஒலிபெருக்கி அலறினால் கொள்ளும் கேட்காது, தப்புப் பறையும் கேட்காது. திரைப்பாட்டைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குச் சட்டமே இடம் தராது; எனவே பிற்பகல் 3 மணிக்கே தொடங்கிவிடலாம். பனி இறங்கியதும் தப்பின் தோல் தொய்ந்து ஓசை மங்கிவிடும் என்பதால், வாட்டுவதற்குக் காய்ந்த சருகும் ஒரு பாதுகாப்பான மூலையும் வாசிப்பவர்களுக்குத் தர மறவாதீர்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஊட்டியில் எங்கள் விருந்தில் பிரியாணி அரிசி நடுவில் விறைத்தே இருந்தது. சமையல்காரரைக் கடிந்துகொண்டோம். தவறு யாருடையது?
- வாசகர், உதகமண்டலம்

பதில்: பெரும்பாலும் மலையினுடையது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், தண்ணீர் ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த அண்டாவில் சூடு அதற்குமேல் ஏறாது. அரிசியைக் கூடுதல் நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சற்றுக் கூட்டி, தம்முக்கு முன்பே நன்றாக வேகவிட்டிருந்தால் சரியாகியிருக்கும். மோமோவுக்கும் ஆவியில் அதே கூடுதல் நேரம் தேவைப்படும். பருப்பையும் இறைச்சியையும் குக்கரில் வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிந்துகொண்ட சமையல்காரரையே இந்த ஆண்டும் கூப்பிடுங்கள். அவர் சமவெளிக்காரராக இருந்தால், ஒரு நாள் முன்னதாக வந்து ஒரு படி அரிசியை வேகவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.