தட்டு பொதுவாக இருக்கட்டும், ரேசர் தனியாக இருக்கட்டும்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். ரத்ததானம் செய்த என் கணவருக்கு (46) ஹெபடைடிஸ் பி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் காமாலை வந்ததே இல்லை. வீட்டில் நான் (43), மகள் (17), சர்க்கரை நோயுள்ள மாமியார் இருக்கிறோம். அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டேன். வேறு என்ன செய்யவேண்டும்? தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொள்ளும் வேண்டுதலும் அவருக்கு இருக்கிறது.

பதில்: முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய வழிகளில்தான் பரவுகிறது. ஒரே பானைச் சோறு, ஒரே குளியலறை, இருமல், கட்டிப்பிடித்தல் இவற்றால் பரவாது. சாப்பாடு, தண்ணீர் வழியே வருவது ஹெபடைடிஸ் ஏ, ஈ. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் நோயாளியின் டம்ளர் ஒதுக்கப்படுகிறது, அவருடைய ரேசர் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்துவிடுகிறது.

'இவர் எங்கே போய் வாங்கி வந்தார்?' என்ற சந்தேகமும் வேண்டாம். பிறந்தவுடன் தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு இது நாள்பட்டதாகிவிடும். பெரியவர்களில் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே அப்படித் தங்கும். மலேசியாவில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. உங்கள் கணவர் அதற்கு முன் பிறந்தவர். தாயிடமிருந்தோ, சிறுவயதிலோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாது என்பதால் காமாலை வராததில் வியப்பில்லை. மாமியாரும் கணவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் விஷயத்தைச் சொல்லி மூன்று ரத்தப் பரிசோதனைகள் கேளுங்கள்: எச்பிஎஸ் ஆன்டிஜென் (இப்போது கிருமி இருக்கிறதா), ஆன்டி-எச்பிஎஸ் (பாதுகாப்பு இருக்கிறதா), ஆன்டி-எச்பிசி (முன்பு தொற்றியதா). மூன்றும் இல்லை என்று வந்தால் நீங்கள் பாதுகாப்பற்றவர். அன்றே முதல் தடுப்பூசி, 1 மாதத்தில் இரண்டாவது, 6 மாதத்தில் மூன்றாவது. மேல்கைத் தசையில்தான் போடவேண்டும். இடுப்பில் போட்டால் பலன் குறைகிறது. இரண்டு ஊசி போட்டதும் 'போதும்' என்று விட்டுவிடுவது அதிகம் நடக்கும் தவறு. நாள் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றாவது ஊசி போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் ஆன்டி-எச்பிஎஸ் பாருங்கள். அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், உடல் பருத்தவர்கள் சிலருக்குத் தடுப்பூசி போட்டாலும் பாதுகாப்பு உண்டாகாது. அவர்களுக்கு இன்னொரு சுற்று முழுவதும் போடுவார்கள். உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற முடிவு வரும்வரை ஆணுறை அவசியம். மகளுக்குக் குழந்தையிலேயே போட்டிருப்பார்கள், தடுப்பூசிப் புத்தகத்தைப் பாருங்கள். இருந்தாலும் அவளுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வீட்டில் கவனிக்கவேண்டியது ரத்தம் படும் பொருட்கள்: ரேசர், நகவெட்டி, டூத்பிரஷ், காதணி. மாமியாருக்குச் சர்க்கரை என்றால் விரல் குத்தும் பேனாவை அவசியம் கவனியுங்கள். 'ஊசியை மாற்றிவிட்டோமே' என்று அதே பேனாவில் வீட்டில் எல்லோரும் குத்திப் பார்ப்பார்கள். ஊசி புதியதாக இருந்தாலும் பேனாவின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும். இந்தக் கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தத்தில்கூட 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். ஒருவருக்கு ஒரு பேனா, அதில் மாற்றமே இல்லை.

தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். 1 பங்கு குளோரோக்ஸுக்கு (பிளீச்) 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்கட்டும். வேறு கழுவும் திரவத்தோடு சேர்த்தால் நச்சுப்புகை வரும்.

அவருடைய ரத்தம் உங்கள் காயத்தில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிழிந்து எடுக்காதீர்கள், காயத்தில் குளோரோக்ஸ் ஊற்றாதீர்கள். பாதுகாப்பு உறுதியாகாதவர் 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடமுடியும்.

இனி வேண்டுதல். விபூதியும் எலுமிச்சையும் இந்தக் கிருமியைக் கொல்லாது, கொளுத்திக் காட்டிய ஊசி சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையும் போதாது. ஒருவர் உடம்பில் ஏறிய வேலும் கொக்கியும் இன்னொருவருக்குப் போகக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கருவி) கிருமி நீக்கிய தனிச் செட் வேண்டும், குத்துபவர் ஆளுக்கொரு ஜோடி கையுறை மாற்றவேண்டும். இது உறுதியாகத் தெரியாவிட்டால் பால்குடமோ, அலகில்லாத காவடியோ எடுக்கட்டும். முடி இறக்கும்போதும் இதே விதிதான்: பிளேடை உங்கள் கண்முன் உறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அவர் தலையில் பட்ட பிளேடை உடனே கூரான பொருட்களுக்கான கெட்டி டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

கணவர் இனி ரத்ததானம் செய்யக்கூடாது. கிருமியின் அளவு, கல்லீரல் நொதிகள், அல்ட்ராசவுண்ட் மூன்றையும் பார்த்துத்தான் மாத்திரை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். மாத்திரை தேவைப்படாதவரும் தொடர்ந்து பரிசோதனைக்குப் போகவேண்டும், ஏனெனில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் சத்தமில்லாமல் வரும். கள்ளும் சம்சுவும் (மலிவுச் சாராயம்) அறவே கூடாது. கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அது இந்தக் கிருமியை வெளியேற்றியதாக உறுதியான ஆதாரம் இல்லை. ஸ்டீராய்டோ கீமோதெரபியோ கொடுக்கும் எந்த டாக்டரிடமும் ஹெபடைடிஸ் பி இருப்பதை முன்பே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடங்கியிருக்கும் கிருமி மறுபடி வீறுகொள்ளும்.

ரத்தம் எடுக்கும்போதே ஹெபடைடிஸ் சிக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 100க்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிவிடுகிறார்கள்.