போர்க்காலப் பிரதமர்களில் அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்ல முடியுமா?

என் பதில் ஜான் கர்ட்டின். ஆஸ்திரேலியப் பிரதமர், 1941 முதல் 1945 வரை. அக்கா மகன் பெர்த்தில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் படித்தான். "யாருடா அந்தக் கர்ட்டின்?" என்று கேட்டால், "யாரோ பழைய பிரதமர் மாமா" என்றான். சரி என்று நானே தேடிப் படித்தேன்.

முதல் உலகப் போரின்போது கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர் இவர். மருத்துவப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்து 1916-ல் கொஞ்ச நாள் ஜெயிலுக்கும் போனார். குடிப்பழக்கம் வேறு. இனி தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே 1935-ல் தொழிற்கட்சித் தலைமை கிடைத்தது, அதுவும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில்.

1941 அக்டோபரில் பிரதமரானார். இரண்டே மாதத்தில் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்து சுமார் 15,000 ஆஸ்திரேலிய வீரர்கள் கைதானார்கள். நான்காம் நாள் டார்வின் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. நாட்டின் அனுபவமுள்ள படைகளோ மத்தியக் கிழக்கிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தன.

அவற்றை ரங்கூனுக்கு அனுப்பச் சொன்னார் சர்ச்சில். கர்ட்டின் மறுத்தார். சர்ச்சில் கேட்காமலேயே கப்பல்களைப் பர்மா பக்கம் திருப்பிவிட்டு, பிறகு தகவல் சொன்னார்! கர்ட்டின் விட்டுக்கொடுக்கவில்லை. தந்திகள் சூடாகப் பறந்தன. கடைசியில் சர்ச்சில்தான் இறங்கிவந்தார். திசை மாறிப் போனதால் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் கப்பல்கள் ஊர் திரும்ப முடிந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. அந்தப் படை அங்கே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதற்கு அடுத்த பகுதியில். சர்ச்சிலிடம் அப்படி உறுதியாக நின்றவருக்கு, கப்பல்கள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டும்வரை ராத்திரித் தூக்கம் இல்லை. போதிய காவல் கப்பல்கள் கிடையாது. ஒரு டார்பிடோ பட்டால் ஆயிரக்கணக்கான உயிர்கள், உத்தரவு இவருடையது. கான்பெராவில் பிரதமர் இல்லத் தோட்டத்தில் இருட்டில் நடந்துகொண்டே இருப்பாராம்.

அப்புறம், ஜெயிலுக்குப் போன அதே மனிதர்தான் 1943-ல், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களைத் தென்மேற்குப் பசிபிக் போர்முனைக்கு அனுப்பச் சட்டம் கொண்டுவந்தார். சொந்தக் கட்சிக்காரர்களே திட்டினார்கள். சந்தர்ப்பவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காக அவர் உள்ளுக்குள் நிறையவே விலை கொடுத்திருப்பார்.

1945 ஜூலை 5-ல், பதவியில் இருக்கும்போதே, 60 வயதில் இறந்தார். ஜப்பான் சரணடைய இன்னும் ஆறு வாரம் இருந்தது. பெர்த்தில் கரகாட்டா கல்லறையில் புதைத்திருக்கிறார்கள். பகுதிநேர வேலைக்காக ஃப்ரீமாண்டில் ரயிலில் போகும்போது கரகாட்டா ஸ்டேஷனை வாரம் நான்கு நாள் தாண்டியிருக்கிறான் நம்ம பையன்.