பாயசத்தில் அல்லுலோஸ்: பால் ஏன் பழுப்பானது, எவ்வளவு போடலாம்?

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மாமியாருக்குச் சர்க்கரை நோய், எடை 60 கிலோ. பொங்கலுக்கென்று உறவினர் அமெரிக்காவிலிருந்து, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் அல்லுலோஸ் என்ற இனிப்புப் பொடி கொண்டுவந்தார். பையில் ‘சேர்த்த சர்க்கரை 0’ என்றும், ஒரு கரண்டிக்கு ‘கார்போஹைட்ரேட் 4 கிராம்’ என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது? சேமியா பாயசத்தில் தொடக்கத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டேன். பால் பழுப்பாகிவிட்டது, இனிப்பும் போதவில்லை.

இரண்டையும் நம்பலாம். வேதியியல்படி அல்லுலோஸ் சர்க்கரைதான். பழச்சர்க்கரையான பிரக்டோஸில் உள்ள அதே அணுக்கள்; மூன்றாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணை) மட்டும் பக்கம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் போதும், நம் உடலால் அதை எரிக்க முடிவதில்லை. சாப்பிட்டதில் பெரும்பகுதி குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய், உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். வழக்கமான சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி தரும். இது அதிகபட்சம் 0.4. இதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-ல் இதைச் சர்க்கரைக் கணக்கிலிருந்து விலக்கியது, கார்போஹைட்ரேட் கணக்கில் மட்டும் விட்டுவைத்தது.

அத்தி, உலர்திராட்சை, பலா, கரும்பு மொலாசஸ் எல்லாவற்றிலும் இது இயற்கையாக உண்டு, ஆனால் துளியளவுதான். ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் கென் இசுமோரி 1990-களில் பாக்டீரிய நொதி ஒன்றைக் கொண்டு பிரக்டோஸை அல்லுலோஸாக மாற்றிக் காட்டிய பிறகே கிலோ கணக்கில் தயாரிக்க வழி பிறந்தது. அந்த நொதியும் பிரக்டோஸில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத்தான் மாற்றும். மிச்சத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். விலை ஏறுவது அங்கேதான்.

இனி பாயசம். அல்லுலோஸ் ‘ஒடுக்கும் சர்க்கரை’, அதாவது மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரியும் வகை. பால் புரதத்தோடு சூட்டில் சேர்ந்தால் சீக்கிரம் பழுப்பாகும். வெள்ளைச் சர்க்கரை அப்படி எளிதில் சிவக்காது. எனவே சேமியாவைப் பாலில் வேகவைத்து, அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கலக்குங்கள். நன்றாகக் கரையும். கேக்கில் போட்டால் ஓவன் சூட்டை 10–15 டிகிரி குறையுங்கள். அதிரசத்துக்கு இது வேண்டாம், பாகு பதத்துக்கு வராது. ஈஸ்டுக்கும் இது உணவாகாது. ரொட்டி மாவில் சர்க்கரைக்குப் பதிலாக நம்பக் கூடாது.

இனிப்பு, சர்க்கரையில் 70 சதவீதம்தான். ஈடுகட்ட 100 கிராமுக்கு 140 கிராம் போடலாமே என்று தோன்றும். வயிறு ஒத்துக்கொள்ளாது. ஒரே வேளையில் கிலோ எடைக்கு 0.4 கிராம், ஒரு நாளைக்கு 0.9 கிராம் என்பது ஆய்வில் கண்ட எல்லை. தாண்டினால் வாயு, வயிற்றுப்போக்கு. உங்கள் மாமியாருக்கு ஒரு வேளைக்கு 24 கிராம், நாளுக்கு 54. ஒரு லிட்டர் பாலில் ஐந்து பேருக்குச் செய்கிறீர்கள் என்றால் 100 கிராம் போடுங்கள், தலைக்கு 20 கிராம் வரும். இனிப்பு சற்றுக் குறையும், ஏலக்காய் கூட்டிக்கொள்ளுங்கள். பையில் ஸ்டீவியா கலந்தது என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

உண்மையில் நான் கவலைப்படுவது சேமியாவைப் பற்றித்தான். இதில் போடும் 100 கிராம் சேமியாவில் 75 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, லிட்டர் பாலில் 48 கிராம் அளவுக்குப் பால் சர்க்கரை. அல்லுலோஸ் போட்டாலும் தலைக்கு 25 கிராம் உடலில் ஏறத்தான் செய்யும். சின்னக் கிண்ணமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், இது வெளியேறும் வழி அதுதான்.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஐரோப்பிய ஒன்றிய விதி. உணவாக விற்க இன்னும் அனுமதியில்லை.

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையான பெனடிக்ட் கரைசலில் சோதித்தால் அல்லுலோஸும் செங்கல் நிறம் காட்டிவிடும். குளுக்கோஸை மட்டும் கண்டறியும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பட்டை ஏமாறாது. ஆய்வகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். சர்க்கரை திடீரென இறங்கி வியர்த்து நடுங்கும்போது அல்லுலோஸ் கலந்த தண்ணீர் பயன்படாது. 15 கிராம் சாதாரணச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் வெள்ளைப் பொடிதான், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. டப்பாமேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.