அந்த ரத்தம் யாருக்கு?

கேள்வி: கொசு ரத்தம் குடிக்காவிட்டால் செத்துவிடுமா? குடித்தால் ஆயுள் கூடுமா?
– வாசகி ஒருவர்

பதில்: சாகாது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களை ஆய்வகக் கூண்டில் வெறும் சர்க்கரைத் தண்ணீரிலேயே வாரக்கணக்கில் வைத்திருக்கிறோம். ஆண் கொசுவுக்கு ஆயுள் முழுக்க இனிப்புத்தான் சாப்பாடு. பெண்ணும் பூந்தேன் குடிக்கும். ஆனால் அதை மட்டும் குடித்தால் முட்டை வைக்காது. ரத்தப் புரதம் கிடைத்தால்தான் மஞ்சள்கரு உருவாகும்.

பெண் கொசு குடிப்பதை லென்ஸில் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சில நிமிடங்களில் தன் எடைக்கு ஈடாகக் குடித்துவிடும். வயிறு உப்பிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் இளஞ்சிவப்பாக ஒரு துளி தொங்கும். பாடுபட்டுக் குடித்ததை ஏன் சிந்துகிறது என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துவிட்டு ரத்த அணுக்களைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அந்தத் துளி ஆவியாகும்போது உடம்பும் குளிர்கிறது. நம் ரத்தச் சூடு அதற்கு ஆகாது. செரிக்கும்போது வெளிவரும் ஹீம் என்ற இரும்புச் சேர்மமும் அதற்கு நஞ்சு. அதைச் சமாளிக்கத் தனி ஏற்பாடு வேண்டியிருக்கிறது. கடிக்கப் போய் அடிபட்டுச் சாவது வேறு கணக்கு.

தப்பித்தால், வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று நாளில் 50 முதல் 200 முட்டை வரை இடும். அப்புறம் மறுபடி ரத்தம் தேடும். உடம்பு சிறுத்த பெண்ணுக்கு முதல் ஈட்டுக்கே இரண்டு முறை குடிக்க வேண்டிவரும்.

ஆயுள் கூடுமா என்றால், இனிப்பு கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. கிடைக்காத இடத்தில் அனாபிலிஸ் காம்பியே என்ற ஆப்பிரிக்க வகைக் கொசு அடிக்கடி ரத்தம் குடித்தே நாளை ஓட்டும். நமக்குக் கவலை அங்கேதான். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் முதிர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும்; அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும். ஆனால் நடுவில் இன்னொரு முறை ரத்தம் குடித்தால், பால்சிபாரம் வகைக் கிருமி வேகமாக வளர்ந்து சீக்கிரமே தயாராகிவிடுகிறது என்று 2020 இறுதியில் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்து நாளை எண்ணிய பழைய சோதனைகள் கொசுவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: கொசு மருந்தை ஏன் சுவரில் அடிக்கிறார்கள்?
– இன்னொரு வாசகர்

பதில்: வயிறு நிறைந்த கொசுவால் தூரம் பறக்க முடியாது. வீட்டுக்குள் கடிக்கும் அனாபிலிஸ் பெரும்பாலும் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்துதான் செரிக்கும். கடித்த பிறகுதான் சாகும், சரி. ஆனால் அடுத்த ஆளைக் கடிக்க அது இருக்காது.