சோக் இழுத்தால் மட்டும் ஓடும் மோட்டார் சைக்கிள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த மாமாவின் பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளை வாங்கினேன். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வண்டி. சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. புகை இல்லை. எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்யச் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கச்) சொல்கிறார் நண்பர். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: ரீபோர் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சோக் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறது. அது இருந்தால்தான் ஓடும் என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினாக இருந்தால் பெரும்பாலும் நீலப் புகை கக்கும், பிளக்கில் எண்ணெய் படியும்.

நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மீதி பிசினாக இறுகிவிடும். முதலில் அடைபடுவது கார்புரேட்டரின் பைலட் ஜெட், அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு குழாய். அதன் துளை ஊசிமுனை அளவுதான். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் சீட்டுக்கு அடியிலுள்ள டாங்கிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு உதிர்ந்தால் டாங்கியைக் கழுவியே ஆக வேண்டும். இல்லையென்றால் காலையில் சுத்தம் செய்த ஜெட் மாலையில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

வேலையை வாசலில், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் எட்டத்தில் செய்யுங்கள். கார்புரேட்டரைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஸ்குரூவை (கலவையைச் சரிசெய்யும் சிறு திருகு) கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்று எழுதி வையுங்கள். பொருத்தும்போது அதே கணக்கு. பலர் கோட்டை விடும் இடம் இதுதான். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். போகாவிட்டால் மீன் தூண்டில் நரம்பு ஒன்றை நுழையுங்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்திருந்தால் அங்கும் காற்று கசிந்து இதே தொல்லை வரும். விலை சொற்பம், மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் எண்ணெயை வடிக்கும்போது அது தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது. புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடியும் மாற்றுங்கள். ஒரு தடவைக்குச் சுமார் 0.7 லிட்டர். போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA, மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தரக்குறி) என்று இருக்கட்டும். இந்த வண்டியின் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கியிருப்பது, கார் எண்ணெய் ஊற்றினால் வழுக்கலாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உடனே ஏறி உட்காரத் தோன்றும். வேண்டாம். செம்மண் பாதையில் ஓடிய வண்டியின் டிரம் பிரேக்குக்குள் சேறு இறுகியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி ஈரத்துணியால் துடையுங்கள். தூசியை ஊதாதீர்கள், பழைய பிரேக் ஷூவில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 1816 என்றால் 2016-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத் தயாரிப்பு. அவ்வளவு பழையது கையிலிருந்தால், பூக்கள் (டயரின் மேல் பள்ளங்கள்) நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவேன்.

செலவைத் தொடங்குமுன், எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மாமாவிடமுள்ள கெரானோடு (வண்டியின் பதிவுப் பத்திரம்) ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாற்றம் சிக்கலாகிவிடும். அப்புறம் ஜெட்டைச் சுத்தம் செய்து என்ன பயன்?